நம்பாதவர்க்கும் நன்னாள் உண்டோ?

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரங்காடிகளில் உயர்ந்த ஊசியிலை மரங்கள் நிறுத்தப்படுகின்றன. பனியையே அறியாத மண்ணில் பஞ்சு பனியாகிறது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய ஊர்களின் தேவாலயங்களில் தமிழ்ப் பாடல்கள் ஒலிக்கின்றன. ஷா ஆலமில், கிளென்மேரித் தொழில் வட்டாரத்தில், நெடுங்காலக் காத்திருப்புக்குப் பின் 2005-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கத்தோலிக்க ஆலயத்தில் மக்கள் திரள்கின்றனர். டிசம்பர் 25 நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. அன்று கிறிஸ்தவ நண்பரின் இல்லம் நாடிச் செல்வோருள் இந்துக்கள் உளர், பௌத்தர் உளர், எச்சமயத்தையும் ஏற்காதவரும் உளர்.

இவருள் இறுதியாகக் கூறப்பட்டவரைக் குறித்து ஒரு கேள்வி எழுகிறது. இறைவனையே ஏற்காத ஒருவர், இறைமகன் பிறந்ததாகப் பிறர் போற்றும் நாளைக் கொண்டாடலாமா? கொண்டாடின் அது பொய்ம்மை ஆகாதா? கொண்டாடாது ஒதுங்கின் அது மனிதரை விட்டு ஒதுங்குவதாகாதா?

இக்கேள்வி மேனாட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஆயின், தமிழர்க்கு இது புதியதன்று. தீபாவளியை ஏற்பதா விடுப்பதா, பொங்கல் சமய விழாவா அன்றா என்ற வழக்குகள் தமிழ் மேடைகளில் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருவனவே. மலாயாவிலும் அவை நடந்தன. அவ்வனுபவத்தைத் துணைக்கொண்டு ஆராயின் கிறிஸ்மஸ் பற்றிய கேள்விக்கும் தெளிந்த விடை கிடைக்கும்.

மூவகை விடைகள்

இக்கேள்விக்குப் பொதுவாக மூவகை விடைகள் கூறப்படுகின்றன.

விழா நம்பிக்கையின் கனி. வேரை மறுத்துவிட்டுக் கனியை மட்டும் உண்பது முறையன்று என்பர் சமயப் பற்றாளர் சிலர். பண்டிகையிற் கலந்துகொள்வது மூடநம்பிக்கைக்குத் தோள் கொடுப்பதாகும். ஆதலின் பகுத்தறிவாளர் விலகி நிற்பதே நேர்மை என்பர் மறுப்பாளர் சிலர். இதில் சமயம் ஒன்றுமில்லை, எல்லாம் பண்பாடே. உண்டு மகிழ்ந்து போவதற்கு ஆராய்ச்சி எதற்கு என்பர் பெரும்பான்மையோர்.

முதல் விடை வரலாற்றின் முன் நிற்கவில்லை. இயேசு பிறந்த நாள் இன்னதென நற்செய்தி நூல்கள் கூறவில்லை. டிசம்பர் 25-ஐ அந்நாளாகக் குறிக்கும் பழைய சான்று, உரோமாபுரியில் கி.பி. 354-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட நாட்குறிப்பில்தான் கிடைக்கிறது. பின்னர் இவ்விழாவைத் தடைசெய்தவரும் நாத்திகர் அல்லர். இங்கிலாந்தில் 1647-இல் தூய்மைவாதிகளின் நாடாளுமன்றம் கிறிஸ்மஸைத் தடைசெய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை அதனைக் கொண்டாடியோர்க்கு அபராதம் விதிக்கும் சட்டம் இருந்தது. வேதத்தில் ஆணையில்லாத விழா என்பதும், களியாட்டம் மிகுந்தது என்பதும் அவர் கூறிய காரணங்கள். ஆழ்ந்த நம்பிக்கையே விழாவை மறுத்த காலமும் உண்டு எனின், நம்பிக்கையும் விழாவும் வேரும் கனியுமாகவே எப்பொழுதும் நின்றன என்பது எவ்வாறு பொருந்தும்?

இரண்டாம் விடையில் நேர்மை உண்டு. ஆயின் மனித இயல்பைப் பற்றிய அறிவு போதாது. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793-இல் பழைய நாட்காட்டியையே மாற்றினர். அறிவுக்கு விழா எடுத்தனர். அவ்விழாவும் நிலைக்கவில்லை, அந்நாட்காட்டியும் நிலைக்கவில்லை. சோவியத்து ஆட்சி 1920-களின் இறுதியில் கிறிஸ்மஸ் மரத்தை விலக்கியது. 1935-இன் இறுதியில் அதே மரம் புத்தாண்டு மரம் என்னும் பெயரோடு குழந்தைகளிடம் திரும்பி வந்தது. ஆணையால் விழாவை அகற்றலாம். அது இருந்த இடத்தை அகற்ற இயலாது என்பதே இவை தரும் பாடம்.

மூன்றாம் விடையே இன்று பரவியிருப்பது. கேட்பதற்கு இனியது; எவரையும் புண்படுத்தாதது போலத் தோன்றுவது. எனினும் அதுவே ஆராயப்பட வேண்டியது. அதற்கு முன், தமிழ் நூல் ஒன்று இவ்வழக்கை எவ்வாறு நடத்தியது எனக் காண்பது நலம்.

மணிமேகலையில் ஒரு விழா

மணிமேகலை பௌத்த காப்பியம். ஆயினும் அது தொடங்குவது புத்தர் விழாவோடு அன்று, இந்திர விழாவோடு. அகத்தியர் உரைப்பத் தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் தொடங்கிவைத்த விழா அது. இருபத்தெட்டு நாள் நிகழ்வது. விழாவறை காதையில் முரசறைவோன் நகரத்தார்க்குக் கூறுவனவற்றைத் தமிழாசிரியர் நன்கறிவர். தெருக்களைத் தூய்மை செய்யுமாறு கூறுகிறான். பகைவரோடு சேர்ந்திருக்க நேரினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறு கூறுகிறான். தத்தம் சமயப் பொருளை வாதிடுவோர் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுமாறு கூறுகிறான். மாறுபட்ட கொள்கையோரை விழா விலக்கவில்லை. அவர்க்கென ஒரு மேடையையும் தருகிறது.

இதனை அடுத்து வருவது ஊரலர் உரைத்த காதை. நகரம் முழுதும் விழாக் கோலம் கொண்டிருக்க, மாதவியும் மணிமேகலையும் வரவில்லை. ஊர் அலர் தூற்றுகிறது. சித்திராபதி மனம் பொறாது வயந்தமாலையை அனுப்புகிறாள். மாதவி மறுக்கிறாள். கோவலனுக்கு நேர்ந்ததைக் கேட்டபின் அறவண அடிகளைச் சரணடைந்ததையும், அவர் உரைத்த நால்வகை வாய்மையையும் ஐவகைச் சீலத்தையும் எடுத்துரைத்து, மணிமேகலை தவநெறிக்குரியவள் என்கிறாள். மாதவி இந்திரனை இகழவில்லை. விழாவை நிறுத்துமாறு கூறவுமில்லை. அவ்விழா தன்னிடமும் தன் மகளிடமும் வேண்டிய ஆடலையும் அதனோடு ஒட்டிய வாழ்வையுமே மறுக்கிறாள்.

நூலின் போக்கில் இன்னொரு செய்தியும் வருகிறது. மகனை இழந்த துயரில் சோழ மன்னன் இந்திர விழாவை மறக்கிறான். புகார் நகரைக் கடல் கொள்கிறது. பௌத்தராகிய சாத்தனார், விழாவை மறந்த நகரம் அழிந்தது என்றும் பாடுகிறார். விழாவுக்கு வர மறுத்தவளைக் குறையற்றவளாகவும் பாடுகிறார். இவை முரண் அல்ல. விழா ஊரின் கடன். பங்கேற்பு தனிமனிதரின் உரிமை. விழாவை அழிப்பதும் தவறு. வராதவரை இழுப்பதும் தவறு. இதுவே அக்காப்பியத்திலிருந்து பெறப்படும் முடிவு.

சிலப்பதிகாரமும் இதற்குத் துணை நிற்கிறது. இளங்கோவடிகள் சமணர் என்பது அறிஞர் பலர் கருத்து. அவரே வேட்டுவ வரியில் கொற்றவையையும், ஆய்ச்சியர் குரவையில் திருமாலையும், குன்றக் குரவையில் முருகனையும் அவ்வவ் வழிபாட்டினர் நெஞ்சம் குளிரப் பாடுகிறார். தமக்கு உடன்பாடில்லாத வழிபாட்டை அதற்குரியவரின் குரலிலேயே பாட இயலும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

மலாயாவில் தமிழர் திருநாள்

காப்பியக் காலத்திலிருந்து அண்மைக் காலத்துக்கு வருவோம். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. பினாங்கில் வந்திறங்கினார். சுயமரியாதைக் கருத்துகள் மலாயா, சிங்கப்பூர்த் தமிழரிடையே வேரூன்ற அப்பயணம் துணைசெய்தது. 1954-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மீண்டும் வந்தார். நரகாசுரன் கொலையைக் கொண்டாடுவது தமிழர்க்குத் தகாது என்று தீபாவளியை மறுத்த பெரியார், பொங்கலைத் தமிழர்க்குரிய விழாவாக ஏற்றார். அஃது உழைப்பையும் விளைவையும் சார்ந்தது என்பதே காரணம்.

இக்கருத்துக்கு இவ்வட்டாரத்தில் உருவம் தந்தவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரிற் பிறந்து 1924-இல் சிங்கப்பூருக்கு வந்து, 1935-இல் தமிழ் முரசைத் தோற்றுவித்தவர் அவர். 1952-இல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளை அவர் தொடங்கிவைத்தார். சாதியாலும் சமயத்தாலும் பிரிந்து கிடந்த தமிழர் தமிழால் ஒன்றுபட வேண்டும் என்பது நோக்கம். பேச்சு, கட்டுரை, கவிதை, விளையாட்டு எனப் போட்டிகள் நடந்தன. இந்துத் தமிழரும் முஸ்லிம் தமிழரும் கிறிஸ்தவத் தமிழரும் பகுத்தறிவாளரும் ஒரே மேடையில் நிற்பதற்கு வழி பிறந்தது.

நம்பாதவர் விழாக் கொண்டாடலாமா என்ற கேள்விக்கு இது செயலால் வந்த விடை. அதன் சிறப்புகள் இரண்டு. ஒன்று, சாரங்கபாணி புதியதொரு நாளைப் படைக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியாளரைப் போல வெற்றிடத்தில் விழா எழுப்ப முயலவில்லை. ஏற்கெனவே அடுப்பும் பானையும் அரிசியும் கொண்டு வீடுதோறும் வாழ்ந்த ஒரு நாளைத் தேர்ந்து, அதற்கு ஒரு பொதுமேடையைச் சேர்த்தார். இரண்டு, வழிபாட்டை ஒதுக்கிய இடத்தை அவர் வெறுமையாக விடவில்லை. அங்கே தமிழை வைத்தார். அதே காலத்தில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் இடம்பெற வேண்டும் என்று வாதிட்டு, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற முழக்கத்தோடு சாதாரண மக்களிடம் நிதி திரட்டியவரும் அவரே. 1956-இல் அத்துறை தொடங்கியது. கடவுள் இல்லாத விழாவுக்கும் கடமை உண்டு என்று அவர் அறிந்திருந்தார்.

குறையும் உண்டு. அதனை மறைப்பது திறனாய்வு ஆகாது. தமிழர் திருநாள் பெரும்பாலும் மேடை விழாவாக நின்றது. தீபாவளியை வாதத்தால் வெல்ல முயன்றவர், தோட்டத் தொழிலாளிக்கு அந்நாள் எதனைத் தந்தது என்பதைப் போதிய அளவு எண்ணவில்லை. ஆண்டு முழுதும் உழைத்தவர் வீட்டில் புத்தாடையும் பலகாரமும் இறைச்சியும் கிடைத்த நாள் அது. உறவினர் கூடிய நாள் அது. அவர் கொண்டாடியது நரகாசுரன் மரணத்தை அன்று. தம் குழந்தைகளின் முகமலர்ச்சியை. கதையை மறுத்தால் விழா வீழும் என்று எண்ணியது பகுத்தறிவாளர் செய்த கணக்குப் பிழை. விழாவைத் தாங்குவது கதை மட்டுமன்று.

அறுவடை இல்லாத பொங்கல்

இவ்விடத்தில் இன்னொன்றையும் ஆராய வேண்டும். பொங்கல் மெய்யான நிகழ்ச்சியை ஒட்டியது, அறுவடை கண்கூடு, ஆதலால் அது பகுத்தறிவுக்கு ஒத்தது. கிறிஸ்மஸோ நம்பிக்கையை ஒட்டியது, ஆதலால் ஒவ்வாதது. இவ்வாறு வேறுபடுத்துவோர் உளர். தமிழ்நாட்டு உழவர்க்கு இது பொருந்தலாம். மலாயாத் தமிழர்க்குப் பொருந்துமா?

இந்நாட்டுக்கு வந்த தமிழருள் மிகப் பலர் நெல் அறுக்கவில்லை, பால்மரம் சீவினர். அவர் வாழ்ந்த தோட்டங்களில் தை மாதத்தில் களத்துக்கு வந்த கதிர் ஏதுமில்லை. பொங்கல் அரிசி கடையிலிருந்து வந்தது. கரும்பும் விலைக்கு வந்தது. எனினும் பொங்கல் நின்றது. தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்து, 1978-இல் சிலாங்கூரின் தலைநகராகி, 2000-இல் மாநகரான ஷா ஆலமிலும் அது நிற்கிறது. அடுக்குமாடி வீட்டின் எரிவாயு அடுப்பில் பால் பொங்குகிறது. அங்கே அறுவடை எங்கே?

எனவே மலேசியத் தமிழர் கொண்டாடும் பொங்கல் கண்முன் நிற்கும் விளைச்சலின் விழா அன்று. அது நினைவின் விழா, நன்றியின் விழா. தாம் காணாத வயலுக்கும், தாம் அறியாத முன்னோர்க்கும், தமக்கு உணவு விளைவிக்கும் பெயர் தெரியாத உழவர்க்கும் பட்ட கடனை ஒப்புக்கொள்ளும் விழா. இவ்வாறு நோக்கின், கண்கூடான விழா என்றும் கற்பனை விழா என்றும் கோடு கிழிப்பது எளிதன்று. பனியில்லாத நாட்டில் பஞ்சுப் பனி நகைப்புக்குரியது எனின், வயலில்லாத வீட்டில் கட்டிய கரும்பும் அவ்வாறே ஆகும். இரண்டும் நகைப்புக்குரியன அல்ல. இரண்டும் மனிதர் தொலைவிலிருந்து சுமந்துவந்த நினைவின் அடையாளங்கள்.

2020-இல் எழுந்த வழக்கு

'இதில் சமயம் ஒன்றுமில்லை' என்னும் மூன்றாம் விடைக்கு இப்போது வரலாம். 2020 ஜனவரியில், பள்ளிகளில் பொங்கல் கொண்டாடுவது பற்றிக் கல்வி அமைச்சின் கடிதம் ஒன்று வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. பொங்கல் இந்து சமய விழா என்றும், முஸ்லிம் மாணவர் அதிற் பங்கேற்பது விலக்கப்பட்டது என்றும் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையாகிய ஜாக்கிம் கொண்ட கருத்தை அக்கடிதம் எடுத்துரைத்தது. அதே மாதத் தொடக்கத்தில் பூச்சோங்கில் உள்ள இடைநிலைப் பள்ளி ஒன்றில், சமயச் சார்புடையவை என்ற புகாரால் சீனப் புத்தாண்டு அலங்காரங்கள் அகற்றப்பட்டதும், பின்னர் அமைச்சர்கள் நேரில் சென்று அவற்றை மீண்டும் அமைக்கத் துணைநின்றதும் பலர்க்கு நினைவிருக்கும்.

பொங்கல் குறித்துத் தமிழர் தரப்பில் எழுந்த மறுமொழி ஒன்றே: பொங்கல் பண்பாட்டு விழா, சமய விழா அன்று. அன்றைய நிலையில் இம்மறுமொழி இயல்பானதே. அதில் உண்மையும் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவரும் பொங்கலை நன்றி விழாவாகக் கொண்டாடுகின்றனர், பகுத்தறிவாளரும் கொண்டாடுகின்றனர். ஆயின் அது முழு உண்மை அன்று. கதிரவனை நோக்கிக் கைகூப்பிப் படையலிடும் எண்ணற்ற தாய்மார்க்குப் பொங்கல் வழிபாடே. அவர் செய்வது வழிபாடன்று என்று சான்றிதழ் எழுத எவர்க்கும் உரிமை இல்லை. சுயமரியாதையாளர் தம் கொள்கைக்காகக் கூறிய சொற்றொடரை, இசைவு பெறுவதற்காகப் பிறர் கடன் வாங்கியதன் விளைவு இது. வாயில் திறந்தது; ஆயின் வீட்டிலிருந்த ஒருவர் மறைக்கப்பட்டார்.

மற்றொரு தீங்கும் உண்டு. சமயம் சாராத விழாவையே பள்ளியிற் பகிரலாம் என்பது விதியானால், தீபாவளியின் நிலை என்ன? கிறிஸ்மஸின் நிலை என்ன? அவற்றுக்கு இச்சான்றிதழ் கிடைக்காது. அப்போது கிறிஸ்தவ மாணவன் தன் மகிழ்ச்சியைத் தோழரோடு பகிர்ந்துகொள்ள இயலாது போகும். ஆகவே கூறியிருக்க வேண்டிய மறுமொழி வேறு. இவ்விழாவில் நம்புவோர்க்கு வழிபாடு உண்டு, விருந்தினர்க்கு அவ்வழிபாடு கடமையன்று, விருந்துண்பது வழிபடுவதாகாது, எந்த அளவு பங்கேற்பது என்பதை அவரவர் சமயமும் மனமும் முடிவு செய்யட்டும். இது நீண்ட மறுமொழிதான். ஆயினும் பொய் கலவாதது.

வழிபாடு, வழக்கம், விருந்து

இவ்வழக்கிலிருந்து ஒரு பாகுபாடு கிடைக்கிறது. ஒவ்வொரு விழாவிலும் மூன்று பகுதிகள் உண்டு. வழிபாடு ஒன்று, வழக்கம் ஒன்று, விருந்து ஒன்று. வழிபாடு நம்புவோர்க்கு உரியது. வழக்கம் அதனைக் கைக்கொள்வோர்க்கு உரியது. விருந்து வாயிலுக்கு வருவோர் அனைவர்க்கும் உரியது. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் விருந்தினரின் சமயத்தைக் கேட்குமாறு கூறவில்லை.

கிறிஸ்மஸை இம்மூன்றாகப் பகுத்து நோக்குவோம். இயேசுவை மீட்பராக ஏற்று முழந்தாளிடுதல் வழிபாடு. நம்பாதவர் அதனைச் செய்வது போல நடித்தல் கூடாது. அது தமக்கும் பொய், நம்புவோர்க்கும் அவமதிப்பு. தேவாலயத்தில் ஓர் ஓரத்தில் அமைதியாக அமர்ந்திருப்பது வேறு, அது மரியாதை. விண்மீன் விளக்குக் கட்டுவதும், மரம் வைப்பதும், பரிசு தருவதும் வழக்கம். இவற்றுட் பல நாடுதோறும் வந்து சேர்ந்தவை. கிறிஸ்தவர் நூற்றுக்கு இருவர் கூட இல்லாத சப்பானில், 1974-இல் ஒரு கோழியிறைச்சி நிறுவனம் தொடங்கிய விளம்பரத்தால் கிறிஸ்மஸ் இரவில் பொரித்த கோழி உண்பதே வழக்கமாயிற்று. வழக்கம் இவ்வாறு எளிதிற் பிறக்கும். அதனைக் கைக்கொள்ளுமுன் அது எங்கிருந்து வந்தது, எவர் பயனுக்கு வந்தது என்று அறிதல் வேண்டும். விருந்தோ, அழைத்தவரின் அன்பு. அதனை மறுப்பதற்குப் பகுத்தறிவு காரணமாகாது.

நம்பாதவருள் இதனை உணர்ந்தோர் உண்டு. தமிழ்நாட்டுப் பகுத்தறிவாளர் விரும்பி மொழிபெயர்த்த அமெரிக்க அறிஞர் இங்கர்சால், 1891-இல் கிறிஸ்மஸ் பற்றி எழுதிச் சமயவாதிகளின் கண்டனத்துக்கு ஆளானார். அந்நாளின் நற்பகுதி மனித இயல்புக்குரியது, கிறிஸ்தவத்துக்கு முற்பட்டது என்பது அவர் கருத்து. அவர் சமயத்தை மறுத்தார், மகிழ்ச்சியை மறுக்கவில்லை. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கிறிஸ்மஸ் கதையையும் இங்கு எண்ணலாம். அதில் கருமியாகிய ஸ்குரூஜிடம் வரும் ஆவிகள் அவன் எதனை நம்புகிறான் என்று சோதிக்கவில்லை. அவனிடம் வேலை செய்யும் எழுத்தரின் வறிய வீட்டையும் நோயுற்ற குழந்தையையும் காட்டுகின்றன. ஆயினும் தேவாலய மணியோசையை டிக்கன்ஸ் கதையிலிருந்து நீக்கவுமில்லை. சமயத்தை மறைக்காமலும் திணிக்காமலும் விழாவின் அறத்தை எல்லார்க்கும் உரியதாக்கியதே அக்கதையின் வெற்றி.

இதனோடு பேரங்காடியின் கிறிஸ்மஸை ஒப்பிடுக. அங்கே வழிபாடு இல்லை. குழந்தை இயேசுவும் இல்லை. தள்ளுபடி விலை உண்டு. சமயம் அறவே நீங்கிய கிறிஸ்மஸ் எது என்று கேட்டால், அதுதான். சமயம் நீங்கிய இடத்தில் சாரங்கபாணி தமிழை வைத்தார். டிக்கன்ஸ் இரக்கத்தை வைத்தார். அங்காடி விலைச்சீட்டை வைக்கிறது. சமயத்தை நீக்கியதனால் மட்டும் விழா உயர்ந்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டா. நம்பாதவர் விழாக் கொண்டாடலாம். ஆயின் நீக்கிய இடத்தில் தாம் எதனை வைக்கிறார் என்பதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஆசிரியர் கடன்

தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. 1970-இல் வகுக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். அதனைக் கூறும் மாணவருள் இந்துக் குழந்தை உண்டு. கிறிஸ்தவக் குழந்தை உண்டு. வழிபாடே நடவாத பகுத்தறிவாளர் வீட்டுக் குழந்தையும் உண்டு. இம்மூன்றாம் குழந்தை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பொங்கல் நாளில் பள்ளித் திடலில் பானை வைக்கும்போது, கைகூப்பாத அக்குழந்தையைக் கண்டிப்பது எளிது. கைகூப்பும் குழந்தையைப் பார்த்து இது வெறும் பண்பாடு என்று திருத்துவதும் எளிது. இரண்டும் தவறு. கைகூப்பாதவனிடம் கரும்பு கட்டும் பணியையும், பொங்கலைப் பகிர்ந்தளிக்கும் பணியையும் தரலாம். விழாவில் அவனுக்கும் ஓர் இடம் உண்டு என்று அவன் அறிவான்.

கிறிஸ்மஸைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு மொழியே ஒரு வழி காட்டுகிறது. தொல்காப்பியர் பிறர் கூறியதை எடுத்துரைக்குமிடத்து 'என்ப' என்றும் 'என்மனார் புலவர்' என்றும் முடிப்பார். கூறப்பட்ட பொருள் பிறருடையது. அதனைச் சிதையாமல் தருவது தம் கடன் என்பது அச்சொல்லின் குறிப்பு. இயேசு இறைமகன் என்பர் கிறிஸ்தவர்; கதிரவன் கண்கண்ட தெய்வம் என்பர் இந்துக்கள்; உழைப்பே போற்றத்தக்கது என்பர் பகுத்தறிவாளர். 'என்பர்' என்னும் ஒரு சொல்லால் ஆசிரியர் எவரையும் மறுக்காமல், எவரோடும் பொய்யாக உடன்படாமல், மூவரையும் ஒரே வகுப்பில் அமர்த்த இயலும். நன்னெறிக் கல்விப் பாடத்தில் இதனைப் பயிலாத மாணவன், வளர்ந்தபின் வேறு எங்கும் பயில்வது அரிது.

கிறிஸ்தவத் தோழனின் வீட்டுக்கு நம்பாதவன் தயங்காமல் செல்லட்டும். அங்கே செபம் நடக்கும்போது அமைதியாக நிற்கட்டும். பாடத் தெரிந்த பாடலைப் பாட விரும்பின் பாடட்டும். தன் கொள்கை யாதெனக் கேட்டால் மறையாது கூறட்டும். தை பிறந்ததும் அத்தோழனைத் தன் வீட்டுப் பொங்கலுக்கு அழைக்கட்டும். அழைப்பை ஏற்று வந்தவன் உண்டுவிட்டு மறுவிருந்துக்கு அழையாதிருந்தால் அது விழாவாகாது. வெறும் உணவாகவே முடியும்.